'அண்ட்' எண்ணுவதில்லை

இரண்டு பெயர்ச்சொற்களுக்கு நடுவே 'அண்ட்' வந்தால் வினை பன்மையாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட கைடிலிருந்து வங்கித் தேர்வுக்கான கோச்சிங் நோட்ஸ் வரை, ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபுப் பாடம் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. அதன் அடியில் ஒரு பட்டியல் இருக்கும்: பிரெட் அண்ட் பட்டர், ரைஸ் அண்ட் கறி, ஹார்ஸ் அண்ட் கேரேஜ், லா அண்ட் ஆர்டர், ஸ்லோ அண்ட் ஸ்டெடி. இவை விதிவிலக்குகள், இவற்றுக்கு மட்டும் ஒருமை, மனப்பாடம் செய்துகொள்ளவும் என்று குறிப்பு. பட்டியலுக்குக் கீழே ஒரு துணை விதி: இரண்டு பெயர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'தி' வந்தால் ஆள் ஒருவர், வினை ஒருமை, தனித்தனியே இரண்டு 'தி' வந்தால் ஆள் இருவர், வினை பன்மை.

விதி, பட்டியல், துணை விதி மூன்றையும் நான் மறுக்கிறேன். ஆங்கிலம் இப்படி இயங்கவில்லை. எந்தக் காலத்திலும் இயங்கியதில்லை. விதிவிலக்கு என்று ஓரமாக ஒதுக்கிவைத்திருக்கிறார்களே, அந்தப் பட்டியலுக்குள்தான் உண்மையான விதி ஒளிந்துகிடக்கிறது. அதை வெளியே எடுத்து மாணவர்களுக்குச் சொல்லாமல், சொற்களை மட்டும் ஒப்பிக்க வைக்கிறோம்.

பட்டியலின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'பிரெட் அண்ட் பட்டர் இஸ் ஹிஸ் பிரேக்ஃபஸ்ட்' என்பது சரியான வாக்கியம். வெண்ணெய் தடவிய ரொட்டி ஒரு பண்டம். தட்டில் ஒன்றாக வருகிறது, ஒன்றாகவே உண்ணப்படுகிறது. 'பிரெட் அண்ட் பட்டர் ஹேவ் பிகம் காஸ்ட்லி' என்பதும் சரியான வாக்கியம்தான். கடையில் ரொட்டிக்கு ஒரு விலை, வெண்ணெய்க்கு வேறு விலை, இரண்டும் ஏறிவிட்டன. எழுவாயில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. முதல் வாக்கியத்தைச் சொன்னவர் மனதில் இருந்தது ஒன்று, இரண்டாவதைச் சொன்னவர் மனதில் இருந்தவை இரண்டு. பட்டியலை நம்பிப் படித்த மாணவி விலையேற்ற வாக்கியத்திலும் 'ஹேஸ்' என்று எழுதிவைப்பாள். அவள் கவனக்குறைவால் தவறவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே செய்துதான் தவறுகிறாள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'இட்லி அண்ட் சாம்பார் இஸ் மை ஃபேவரிட் பிரேக்ஃபஸ்ட்' என்று ஒரு பிள்ளை எழுதினால் என்ன ஆகும்? இட்லி-சாம்பார் எந்த கைடின் பட்டியலிலும் இல்லை. பட்டியல் இங்கிலாந்துக்காரர்களின் காலை மேசையிலிருந்து வந்தது. ஆகவே 'இஸ்' மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழும், 'ஆர்' என்று திருத்தப்படும். பிரெட்-பட்டர் சாப்பிடுபவன் எழுதினால் சரி, இட்லி-சாம்பார் சாப்பிடுபவன் எழுதினால் தவறு என்று ஆகிறது. எந்தக் காரணத்தால் முன்னது ஒருமையோ அதே காரணத்தால் பின்னதும் ஒருமை. அந்தக் காரணத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டதால் நேரும் அநியாயம் இது.

அந்தக் காரணம் மிகச் சுருக்கமானது. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் ஒன்றைக் குறிக்கிறதா பலவற்றைக் குறிக்கிறதா என்பதைக் காட்டப் பெரும்பாலும் அதன் ஈற்றில் அடையாளம் இருக்கும். 'புக்' ஒன்று, 'புக்ஸ்' பல. 'அண்ட்' அப்படிப்பட்ட அடையாளம் அல்ல. அது இரண்டு சொற்களை ஒன்றோடொன்று சேர்க்கும், அவ்வளவுதான். சேர்ந்த பிறகு கிடைப்பது ஒரு பொருளா இரண்டு பொருளா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. 'அண்ட்' எண்ணுவதில்லை, பேசுபவர்தான் எண்ணுகிறார். வினை அந்த எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது.

இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமென்றால் இந்திய வரைபடத்திலேயே இருக்கிறது. மேற்கு இந்தியாவில் தாத்ரா அண்ட் நாகர் ஹவேலி என்று ஓர் ஒன்றியப் பகுதியும் டாமன் அண்ட் டையூ என்று இன்னொன்றும் இருந்தன. நாடாளுமன்றம் 2019இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி 2020 ஜனவரி 26 அன்று இரண்டும் ஒரே ஒன்றியப் பகுதியாக இணைந்தன. புதிய பகுதிக்குத் தனிப்பெயர் எதுவும் சூட்டவில்லை. பழைய பெயர்களையே அடுக்கி 'தாத்ரா அண்ட் நாகர் ஹவேலி அண்ட் டாமன் அண்ட் டையூ' என்று வைத்தார்கள். நான்கு இடப்பெயர்கள், மூன்று 'அண்ட்'. 2020 ஜனவரி 25 அன்று இந்தச் சொற்களை எழுவாயாக வைத்து 'ஆர் யூனியன் டெரிட்டரீஸ்' என்று எழுதுவது சரி. மறுநாள் அதே சொற்களை அதே வரிசையில் வைத்து 'இஸ் எ யூனியன் டெரிட்டரி' என்று எழுதுவதுதான் சரி. இடையில் இலக்கணத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நாட்டில் இரண்டாக இருந்தது ஒன்றாயிற்று, வினையும் ஒன்றாயிற்று. 'அண்ட் வந்தால் பன்மை' என்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன விளக்கம் தருவார்கள்? அது பெயர், பெயர்கள் விதிவிலக்கு என்பார்கள். விதிவிலக்குப் பட்டியல் இன்னும் ஒரு முழம் நீளும். ஜம்மு அண்ட் காஷ்மீர் அதில் சேரும், 1962இல் விடுதலை பெற்ற டிரினிடாட் அண்ட் டொபேகோ சேரும், போஸ்னியா அண்ட் ஹெர்சகோவினா சேரும். ஆனால் அந்தப் பட்டியலும் உதவாது. 'டிரினிடாட் அண்ட் டொபேகோ இஸ் எ கன்ட்ரி' என்பது எவ்வளவு சரியோ, அவ்வளவு சரி 'டிரினிடாட் அண்ட் டொபேகோ ஆர் டூ ஐலண்ட்ஸ்' என்பதும். நாடு ஒன்று, தீவுகள் இரண்டு.

சில இடங்களில் வினையின் எண் மாறினால் வாக்கியம் சொல்லும் செய்தியே மாறிவிடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றிய 'டிரிங்கிங் அண்ட் டிரைவிங்' என்ற தொடர் அப்படிப்பட்டது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. வண்டி ஓட்டுவது மட்டும் குற்றமல்ல. இந்தச் சட்டத்தின் பார்வையில் குடிப்பது மட்டும் குற்றமல்ல. இரண்டும் சேர்ந்த ஒரே செயல்தான் குற்றம். ஆகவே 'டிரிங்கிங் அண்ட் டிரைவிங் இஸ் அன் அஃபென்ஸ்' என்றால்தான் சட்டம் சொல்வதைச் சொன்னதாகும். விதியை நம்பி 'ஆர் அஃபென்சஸ்' என்று திருத்திப் பாருங்கள்: குடிப்பது ஒரு குற்றம், வண்டி ஓட்டுவது இன்னொரு குற்றம் என்று ஆகிவிடுகிறது. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் அத்தனை பேரும் குற்றவாளிகள். ஒரு சரியான வாக்கியத்தைப் பொய்யாக மாற்றும் திருத்தத்துக்கு இலக்கணம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

இப்போது துணை விதி. 'தி செக்ரட்டரி அண்ட் டிரெஷரர் இஸ் ஆப்சென்ட்' என்றால் செயலாளரும் பொருளாளரும் ஒருவரே. 'தி செக்ரட்டரி அண்ட் தி டிரெஷரர் ஆர் ஆப்சென்ட்' என்றால் இருவர். எல்லாத் தேர்வு நூல்களும் சொல்லும் எடுத்துக்காட்டு இது. இதில் உள்ள அளவுக்கு உண்மைதான். ஆனால் இதை விதியாக்கிய உடனேயே உடைந்துபோகிறது. 'தி ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்' என்பதில் ஒரே ஒரு 'தி' இருக்கிறது. விதிப்படி ஆள் ஒருவர், வினை 'இஸ்'. உலகில் எந்த ஆங்கிலக்காரரும் அப்படிச் சொல்லமாட்டார். 'தி பிரைட் அண்ட் குரூம் வேர் லேட்', 'தி கிங் அண்ட் குயீன் ஆர் ஹியர்' என்றுதான் சொல்வார். மணமகனும் மணமகளும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆகவே 'தி' ஒன்றா இரண்டா என்று யாரும் பார்ப்பதில்லை. செயலாளர், பொருளாளர் பதவிகளை ஒருவரே வகிக்கக்கூடும் என்பதால் அங்கே மட்டும் 'தி' ஒரு துப்பாகப் பயன்படுகிறது. பொருள் தெளிவாக இருக்கும் இடத்தில் அந்தத் துப்பு வேண்டியதே இல்லை. துப்பை விதி என்று கற்பித்ததன் பலன், 'ஹஸ்பண்ட் அண்ட் வைஃப் இஸ்' என்று எழுதத் தயங்காத ஒரு தலைமுறை.

எதிர்த்திசையிலும் இப்படி ஒன்று உண்டு. 'சவுத் இந்தியன் அண்ட் நார்த் இந்தியன் ஃபுட் ஆர் வெரி டிஃபரன்ட்' என்ற வாக்கியத்தில் இருக்கும் பெயர்ச்சொல் 'ஃபுட்' ஒன்றுதான், அதுவும் ஒருமை வடிவில். 'அண்ட்' இணைப்பது இரண்டு அடைமொழிகளை. ஆனாலும் வினை பன்மை, ஏனென்றால் ஒப்பிடப்படுபவை இரண்டு வகை உணவுகள். எழுத்தில் தெரியாத இரண்டாவது உணவையும் வினை எண்ணிவிடுகிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழமையின் மரியாதையில்தான் அது இன்னும் நிற்கிறது. ஆக்சிஜனைக் கண்டறிந்தவராக நாம் அறிந்த ஜோசப் பிரீஸ்ட்லி ஆங்கில இலக்கணமும் எழுதியவர். அவருடைய இலக்கண நூல் முதலில் வெளிவந்தது 1761இல். இரண்டு வேறு எழுவாய்களுக்குப் பன்மை என்ற விதியைச் சொல்லிவிட்டு, அவை நெருங்கிய உறவுடையவையாக இருந்தால் ஒருமையே சற்று மேலானது என்றும் சொன்னவர் அவர். நல்ல எழுத்தாளர்கள் எழுதுவதைக் கவனித்து இலக்கணம் சொல்பவரின் பேச்சு இது. பிறகு வந்தார் லின்ட்லி மரே. அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து, இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகில் குடியேறி, அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக 1795இல் ஓர் இலக்கணம் எழுதினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளுக்கு அந்த நூல்தான் பள்ளிக்கூடங்களை ஆண்டது. பிரீஸ்ட்லி திறந்துவைத்த வாசலை மரே அடைத்தார். வேறான இரண்டு கருத்துகளை ஒன்றாகக் கொள்வது இலக்கணத்தின் அடிப்படைக்கே முரண் என்பது அவருடைய வாதம். இரண்டுக்கும் வேறுபாடே இல்லையென்றால் ஒன்று வீண், அதை நீக்கிவிட வேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

மரேயின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று காண்பது கடினமல்ல. இரண்டு சொற்கள் ஒரே பொருள் தருவது வேறு, இரண்டு பொருள்கள் கூடி ஒன்றாவது வேறு. ரொட்டியும் வெண்ணெயும் வேறுவேறு. எதுவும் வீண் இல்லை. ஆனாலும் சேர்ந்தால் ஒரு பண்டம். மரே முதல் வகையை மட்டும் நினைத்து வாதம் எழுதினார். இரண்டாம் வகை அவர் கண்ணில் படவேயில்லை. அந்தப் பார்வைக் குறையைத்தான் நம் பிள்ளைகள் இன்றைக்கும் விதி என்று படிக்கிறார்கள்.

லத்தீனில் அப்படித்தான், அதனால் ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்று சிலர் சொல்வதுண்டு. லத்தீனில் அப்படி இல்லை. ரோமானிய அரசின் முத்திரைத் தொடரே 'ரோமானிய செனட்டும் மக்களும்' என்று இரண்டு பெயர்கள் இணைந்தது. அதை எழுவாயாக வைத்து சிசரோ ஒருமை வினை எழுதியிருக்கிறார், லத்தீன் இலக்கண நூல்கள் அதை எடுத்துக்காட்டாகவே பதிவுசெய்கின்றன. செனட் வேறு, மக்கள் வேறு என்பது சிசரோவுக்குத் தெரியாததல்ல. இரண்டும் சேர்ந்துதான் அரசு என்பதும் அவருக்குத் தெரியும்.

நம் ஊரில் இந்த விதிக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது ரென் அண்ட் மார்ட்டின். அந்த நூலுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அதில் 'அண்ட்' வந்தால் பன்மை என்ற விதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டு பெயர்களும் மனதில் ஒரே கருத்தை எழுப்பினால் வினை ஒருமை என்று காரணத்தோடு சேர்த்துத்தான் அது சொல்கிறது. அந்தக் காரணம் நூலிலிருந்து கைடுக்கு வரும்போது சுருங்கியது, கைடிலிருந்து கோச்சிங் நோட்ஸுக்கு வரும்போது மறைந்தது. நான்கைந்து எடுத்துக்காட்டுகள்தான் மிஞ்சின. எடுத்துக்காட்டு என்பது ஒரு காரணத்தை விளக்க வந்தது. காரணம் போன பிறகு அதுவே மூடிய பட்டியல் ஆகிவிட்டது. ராண்டால்ஃப் குவர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணத்தில் எழுவாய்-வினை இயைபு மூன்று கொள்கைகளின்படி விளக்கப்படுகிறது: சொல் வடிவத்தின்படி இயைவது, பொருளின்படி இயைவது, வினைக்கு அருகில் நிற்கும் பெயரின்படி இயைவது. அந்த நூல் வந்து 40 ஆண்டுகள் ஆகின்றன. நம் வகுப்பறைக்குள் முதல் கொள்கை மட்டும்தான் நுழைந்திருக்கிறது.

மூன்றாவது கொள்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் அது. 'தேர் இஸ் எ டேபிள் அண்ட் டூ சேர்ஸ் இன் தி ரூம்' என்ற வாக்கியத்தைத் தேர்வில் வைத்தால் 'இஸ்' தவறு, 'ஆர்' சரி என்றுதான் விடைக்குறிப்பு இருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் இந்த இடத்தில் இயல்பாகச் சொல்வது 'இஸ்'. 'தேர்' என்று தொடங்கியதும் வினை வந்துவிடுகிறது, எழுவாய் பின்னால் வருகிறது. வினைக்கு அடுத்து நிற்பது 'எ டேபிள்' என்ற ஒருமை. 'தேர் ஆர் எ டேபிள்' என்று தொடங்குவது அவர்கள் காதுக்கு உறுத்துகிறது. நல்ல எழுத்தாளர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பயன்பாட்டு அகராதிகள் சான்றுகளோடு காட்டுகின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் பரமண்டல ஜெபம் முடியும் இடத்தில் ராஜ்யம், வல்லமை, மகிமை என்று மூன்று பெயர்கள் 'அண்ட்' போட்டு அடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு முன்னால் நிற்கும் வினை 'இஸ்'. நம் கான்வென்ட் பள்ளிகளில் காலை வழிபாட்டில் அந்த 'இஸ்' ஒலிக்கிறது. அடுத்த மணி நேரத்தில் ஆங்கில வகுப்பில் அதே அமைப்பைத் தவறு என்று அடிக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. பொருள்தான் வினையைத் தீர்மானிக்கிறது என்றால் கத்தரிக்கோல் ஏன் பன்மை? 'சிசர்ஸ்' ஒரே கருவி, 'டிரவுசர்ஸ்' ஒரே உடை. ஆனால் 'தி சிசர்ஸ் ஆர் ஷார்ப்' என்றுதான் ஆங்கிலம் சொல்கிறது, எண்ணிப் பார்த்தால் கையில் இருப்பது ஒன்று என்பதை அது பொருட்படுத்துவதில்லை. சரிதான். ஆனால் இங்கே பன்மை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'சிசர்ஸ்' என்ற பெயருக்குள்ளேயே பன்மை ஈறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கத்திகள் சேர்ந்தது, இரண்டு கால்கள் உடையது என்று பழைய காலத்தில் எண்ணிய எண்ணிக்கை சொல்லிலேயே உறைந்துவிட்டது. பெயர் தன் எண்ணைத் தானே வெளிப்படையாகச் சொல்லும் இடத்தில் வினை அதைக் கேட்டுக்கொள்கிறது. முன்னால் 'எ பேர் ஆஃப்' என்று போட்டால் 'பேர்' என்ற ஒருமைப் பெயர் தலைமை ஏற்கிறது. வினையும் பெரும்பாலும் 'இஸ்' ஆகிறது. 'பிரெட் அண்ட் பட்டர்' என்பதில் எந்தப் பெயரும் பன்மை ஈறு காட்டவில்லை, 'அண்ட்' எண் காட்டும் உருபும் அல்ல. வடிவம் பேசாத இடத்தில் பொருள்தான் பேசியாக வேண்டும். கத்தரிக்கோல் என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை. வடிவத்தின் ஆட்சி எந்த எல்லையோடு முடிகிறது என்பதைக் காட்டித் தருகிறது. அந்த எல்லையும்கூடக் கெட்டியானதல்ல. 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ் இஸ்' என்று சொல்லும்போது வினையை ஒட்டியே 'சிப்ஸ்' என்ற பன்மை நிற்கிறது, ஆனாலும் ஒரு தட்டு உணவு என்ற பொருள் வென்றுவிடுகிறது.

பிள்ளைகளுக்கு எளிமையான விதி வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் உண்மையான அக்கறையோடு கேட்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இப்போது கற்பிப்பது எளிமையானது அல்ல. ஒரு பொது விதி, அதற்கு ஒரு பட்டியல், 'தி' பற்றி ஒரு துணை விதி, 'எவ்ரி பாய் அண்ட் கேர்ள் ஹேஸ்' என்பதற்குத் தனி விதி, நாட்டுப் பெயர்களுக்குத் தனி விதி, நிறுவனப் பெயர்களுக்குத் தனி விதி. இத்தனைக்கும் பதிலாக ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வாக்கியத்தில் எத்தனையைப் பற்றிப் பேசுகிறாய்? 'எவ்ரி' ஒவ்வொருவராக எடுத்துப் பேசுகிறது, ஆகவே ஒருமை. நாடு ஒன்று, ஆகவே ஒருமை. கணவன் மனைவி இருவர், ஆகவே பன்மை. ஆறாம் வகுப்புப் பிள்ளையால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. 'கணவனும் மனைவியும் வந்தார்கள்' என்பதை அவர்கள் ஒருபோதும் பிழையாகச் சொன்னதில்லை. 'சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது' என்று செய்தித்தாள் எழுதும்போது அது ஒருமை என்பது யாருக்கும் உறுத்துவதில்லை. உயர்திணையில் வரும் உம்மைத்தொகை பலர்பாலாக முடியும் என்று தொல்காப்பியம் எச்சவியலில் சொல்கிறது. கபிலனும் பரணனும் சேர்ந்தால் கபிலபரணர். குறிக்கப்படுபவர் மனிதரா, ஒருவரா பலரா என்று பார்த்துச் சொல்லின் முடிவைத் தீர்மானிக்கும் மரபில் வந்தவர்களுக்கு, ஆங்கிலத்திலும் பொருளைப் பார் என்று சொன்னால் புரியாமல் போகாது.

இன்னொரு அச்சம்: பொருளின்படி என்று விட்டுவிட்டால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்களே, இலக்கணமே இல்லாமல் போய்விடுமே. நடப்பது இதற்கு நேர்மாறு. 'ராமு அண்ட் சோமு இஸ் கமிங்' என்பதைப் பொருள் ஒருபோதும் அனுமதிக்காது. இரண்டு ஆட்களை ஒருவராக எண்ண வழியில்லை. 'ஹஸ்பண்ட் அண்ட் வைஃப் இஸ்' என்பதை 'தி' விதி அனுமதிக்கிறது, பொருள் அனுமதிக்காது. எது கண்டிப்பானது? இரண்டு விதமாகவும் எண்ணத்தக்க இடங்கள் சில இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'டூ அண்ட் டூ இஸ் ஃபோர்', 'டூ அண்ட் டூ ஆர் ஃபோர்' இரண்டும் வழக்கில் உண்டு. 'சப்ளை அண்ட் டிமாண்ட்' என்பதை ஒரே பொருளியல் விதியாகப் பார்ப்பவர் ஒருமை எழுதுவார், இரண்டு விசைகளாகப் பார்ப்பவர் பன்மை எழுதுவார். மரபு முடிவுசெய்துவிட்ட இடங்களும் உண்டு: காலத்தைப் பற்றிய 'டைம் அண்ட் டைட்' பழமொழியில் இரண்டு பெயர்களும் பொருளில் நெருங்கியவை, ஆனாலும் 'வெயிட்' என்ற பன்மையே நிலைத்திருக்கிறது. கோச்சிங் நோட்ஸ் சிலவற்றில் ஜோடிச் சொல் என்பதற்காக அதையும் ஒருமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பட்டியல்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதற்கு அதுவே போதும்.

கடைசியாகத் தேர்வு. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் போட்டித் தேர்வில் ஒரே விடைதான் இருக்க முடியும், பொருள் என்று பேசினால் ஓ.எம்.ஆர். தாளைத் திருத்த முடியாது என்பது தேர்வு நடத்துபவர்களின் நிலைப்பாடு. ஒரே விடை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரே விடை உள்ள கேள்வியைக் கேளுங்கள் என்கிறேன். இடமோ சூழலோ இல்லாமல் 'பிரெட் அண்ட் பட்டர்' என்ற எழுவாயைத் தனியே நிறுத்தி 'இஸ்' அல்லது 'ஆர்' என்று நிரப்பச் சொன்னால், அது ஆங்கிலத்தைச் சோதிக்கவில்லை, எந்த கைடைப் படித்தாய் என்று சோதிக்கிறது. அதே எழுவாய்க்குப் பின் 'சோல்ட் அட் டிஃபரன்ட் கவுன்டர்ஸ்' என்று சேர்த்துவிடுங்கள். இரண்டு பண்டங்கள், வெவ்வேறு கவுன்டர்கள், விடை 'ஆர்' மட்டுமே. எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்யாத மாணவி, வாக்கியத்தை முழுக்கப் படித்துப் புரிந்துகொண்டதாலேயே சரியாக எழுதிவிடுவாள். இரண்டு விதமாகவும் பொருந்தும் கேள்வி தவறிப்போய் வந்துவிட்டால், விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் வழக்கம் பல தேர்வுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஆட்சேபம் வரும்போது கைடைப் புரட்டாமல் ஒரு நல்ல இலக்கண நூலைப் புரட்டி, 'இஸ்' எழுதியவருக்கும் 'ஆர்' எழுதியவருக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப்போகும் தேர்வுகள் இவை.